நாக்குக்கு முன்னால் காது

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர் கூடிய அரங்கில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் பாட்டிமாரே, தாத்தாமாரே, நான் சொல்லப்போகும் வேலையில் பெரும்பங்கு உங்களால்தான் நடக்கும்.

ழகரத்தைப் பற்றி மேடை ஏறினால் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும். வேறு எந்த மொழிக்கும் வாய்க்காத ஒலி என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அது உண்மையும் இல்லை. மலையாளத்தில் அந்த ஒலி இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. அமெரிக்கர் பேசும் ஆங்கிலத்தின் ‘ர்’ அதற்கு மிக அருகில் நிற்கிறது. எழுத்தின் பெருமையை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். விருந்தாளி வந்ததும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூடத்தில் நிறுத்தி, “எங்கே, வாழைப்பழம்னு சொல்லு” என்கிறோம். பிள்ளை சொன்னதும் எல்லாரும் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ழ வரவில்லை என்று குழந்தையை அழைத்துவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வீட்டில் யாருக்கு ழ வருகிறது?” என்பதுதான். பல வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல நேரமாகிறது. தென்மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகளில் ‘வாளப்பளம்’ என்றுதான் பேச்சு. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ளகரம்தான். சென்னையின் பழைய குடியிருப்புகளில் ‘வாயப்பயம்’. ள சொல்லும் வீட்டில் பிறந்து ள சொல்லும் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தன் வீட்டாரிடம் கேட்டதை அது பிசகாமல் கற்றிருக்கிறது. அந்தப் பிள்ளையை வகுப்பில் ‘நாக்கு தடித்தவன்’ என்று சொல்லும்போது அவன் அம்மாவையும் ஆச்சியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இது எனக்குத் தாங்காத ஒன்று. அதனால் அழுத்தியே சொல்கிறேன்: வட்டாரப் பேச்சு நோய் இல்லை, அதற்கு மருத்துவம் தேவையில்லை.

அப்படியானால் எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்? அவன் வாசிக்க வேண்டும், பாட வேண்டும், மேடையில் பேச வேண்டும். சொல்வதெழுதுதலில் மழை, மலை, மளை என்று தடுமாறாமல் எழுத வேண்டும். காதுக்கு வேறுபாடு பிடிபடாத பிள்ளை எழுத்திலும் தடுமாறுவதை ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆச்சியிடம் போய் வாளப்பளம் கேட்கட்டும், வகுப்பில் வாழைப்பழம் என்று வாசிக்கட்டும். ஒன்றைப் பிடுங்கித்தான் இன்னொன்றை நட வேண்டும் என்ற கட்டாயம் குழந்தையின் மூளைக்கு இல்லை.

வீட்டில் எல்லாரும் ழ சொல்ல, குழந்தைக்கு மட்டும் வரவில்லை என்றால் அது வேறு சங்கதி. அங்கேயும் முதலில் வயதைப் பாருங்கள். குழந்தைக்கு முதலில் வருபவை உதட்டிலும் பல்லருகிலும் பிறக்கும் ஒலிகள்: அம்மா, அப்பா, பாப்பா, தாத்தா. உலகின் பல மொழிகளில் இப்படித்தான் நடக்கிறது என்பதை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1941-இல் எழுதிய குழந்தைமொழி நூலில் விரிவாகப் பேசினார். ககரம் வராமல் காக்கையைத் ‘தாத்தா’ என்று கூப்பிடும் காலம் ஒன்று பல குழந்தைகளுக்கு உண்டு. ரகரம் தாமதமாக வரும், ழகரம் அதற்கும் பின்னால் வரும். மூன்று, நான்கு வயதில் ழ வரவில்லை என்று கவலைப்படுவது வீண். ஐந்து, ஆறு வயதிலும் தடுமாறும் பிள்ளைகள் நிறைய உண்டு.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தைகள் ழகரத்தில் செய்யும் மாற்றங்களை முழு மொழிகளே செய்திருக்கின்றன. பழைய கன்னடத்திலும் பழைய தெலுங்கிலும் ழகரம் இருந்தது, பிறகு வழக்கொழிந்துபோனது. நம்முடைய ஏழு கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. நம்முடைய கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. கன்னடத்தார் நாக்கை அண்ணத்தில் தொட்டுக் காற்றைப் பக்கவாட்டில் விட்டார்கள், தெலுங்கர்கள் அழுத்தித் தொட்டு அடைத்தார்கள். சோழமண்டலத்தைப் போர்த்துக்கீசியர் வாயில் போட்டபோது கோரமண்டல் ஆயிற்று. பெரியவர்கள் ஊர் ஊராகத் திணறிய ஒலி இது. உங்கள் வீட்டுப் பிள்ளை ‘கோளி’ என்கிறபோது, இரண்டு பெரிய மொழிகளில் ஒன்று எடுத்த முடிவைத்தான் அதுவும் எடுத்திருக்கிறது.

இனி காதுக்கு வருகிறேன். 1984-இல் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். அந்த வேறுபாடு ஆங்கிலத்துக்குத் தேவையில்லாதது. ஆனாலும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அதை நன்றாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும் குழந்தைகளிடம் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. பிறந்த முதல் ஆண்டிலேயே காது தன் வீட்டு மொழிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. 2003-இல் சியாட்டில் நகரில் பட்ரீஷியா குல் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீனமொழி பேசுவோர் தரையில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. செல்போனில் ‘தமிழ் உச்சரிப்பு’ காணொளியைப் போட்டுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற தாய்மார் இதை நினைவில் வையுங்கள். உச்சரிப்பு ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது.

குழந்தை தவறாகச் சொல்கிறது என்பதற்காக அதற்குத் தவறாகவே கேட்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1960-இல் ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சி எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு குழந்தை தன் பொம்மை மீனை ‘ஃபிஷ்’ என்று சொல்ல வராமல் ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர், “இதுவா உன் ஃபிஸ்?” என்று கேட்டால், “இல்லை, என் ஃபிஸ்” என்று மறுத்தது. “உன் ஃபிஷ்ஷா?” என்று கேட்டதும்தான் ஆமாம் என்றது. நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். ‘கோயி’ என்கிற குழந்தையிடம் நீங்களும் ‘கோயி’ என்று சொல்லுங்கள், “கோயி இல்ல, கோயி!” என்று கோபித்துக்கொள்ளும். அதன் காதுக்குள் சரியான கோழி இருக்கிறது, வாய்க்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் கொஞ்சுவதற்காகக்கூட அந்தத் தவறான ஒலியைத் திருப்பிச் சொல்லாதீர்கள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் குழந்தைக்குப் படும்.

வேறு சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே இரண்டு ஒலிகளும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. யார் எந்த வகை என்று அறிய ஒரு விளையாட்டு இருக்கிறது. பழைய செய்தித்தாள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ‘கிளி’ என்றால் கைகளை விரித்துப் பறக்க வேண்டும், ‘கிழி’ என்றால் தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழிக்க எந்தக் குழந்தையும் தயங்குவதில்லை. உங்கள் உதட்டைப் பார்த்து ஊகிக்காமல் இருக்கக் குழந்தையின் பின்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். இது ள சொல்லும் குழந்தைக்கான சோடி. ய சொல்லும் குழந்தைக்கு பழம், பயம்: ஒன்றுக்குச் சாப்பிடுவது போல், மற்றதற்குக் கண்ணை உருட்டிப் பயந்தது போல். ல சொல்லும் குழந்தைக்கு மழை, மலை. பெரும்பாலும் சரியாகச் செய்துவிட்டால் காது தயார் என்று பொருள். தடுமாறினால் இந்த விளையாட்டிலேயே சில வாரம் இருங்கள். வாயைத் திறந்து சொல்லச் சொல்லவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். அமெரிக்கப் பேச்சு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர் சார்ல்ஸ் வான் ரைப்பர். சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர். 1939-இல் முதற்பதிப்பு கண்ட தன் பாடநூலில் அவர் வகுத்த வரிசை இன்றும் நாங்கள் பின்பற்றுவது: முதலில் காதுப் பயிற்சி, அடுத்து தனி ஒலி, அசை, சொல், வாக்கியம், கடைசியில் இயல்பான பேச்சு. காதுக்கு அவர் தனி இடமே கொடுத்தார். குழந்தை தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளக் கற்றால்தான் ஆசிரியர் இல்லாத நேரத்திலும் திருத்தம் நடக்கும். பள்ளியிலும் வீட்டிலும் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே வாக்கியத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது நாக்கு. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஒலிக்கு நாக்கு எங்கே போகிறது என்று சொல்வது. ரகரமும் ழகரமும் நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதால் பிறக்கின்றன என்கிறது. ளகரத்துக்கு நாவின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடுவதைச் சொல்கிறது. விளிம்பு என்று பிரித்துச் சொன்ன அந்த நுட்பம் எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியப்பாக இருக்கிறது. கருவி ஏதும் இல்லாத காலத்தில் தன் வாயைத் தானே கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெயில் கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து நாக்கின் வடிவங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

நீங்களும் இப்போதே ஒரு சோதனை செய்யலாம். எல்லாரும் ‘ஆள்’ என்று சொல்லி, அந்த ள்-இல் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கை அசைக்காமல் வாய் வழியாக மூச்சை உள்ளே இழுங்கள். குளிர்ச்சி எங்கே தெரிகிறது? நாக்கின் பக்கங்களில். இப்போது ‘ஆழ்’ என்று சொல்லி அதே போல் நிறுத்தி இழுங்கள். குளிர்ச்சி நடுவில் ஓடும். ளகரத்தில் நுனி மேலே தொட்டிருப்பதால் காற்று ஓரங்களில் போகிறது. ழகரத்தில் நுனி மேலே வளைந்து நிற்கிறது, ஆனால் தொடவில்லை. காற்று நடுவே போகிறது. யகரத்தில் நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுத்துவிடுகிறது, நாக்கின் நடுப்பகுதிதான் எழும்புகிறது.

இது தெரிந்தால் ஒரே வைத்தியத்தை எல்லாக் குழந்தைக்கும் செய்ய மாட்டீர்கள். ள சொல்லும் குழந்தையின் நாக்கு ஏற்கெனவே சரியான இடத்துக்கு வந்துவிட்டது, தொடுவதை மட்டும் விட வேண்டும். ‘ஆள்ள்ள்’ என்று இழுக்கச் சொல்லி, குரலை நிறுத்தாமலே நுனியை மயிரிழை கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒலி தானாக ழகரமாக மாறுவதைக் குழந்தையே கேட்கும். ய சொல்லும் குழந்தைக்கு நுனி எழும்பவே இல்லை. அதை முதலில் டகரத்துக்குக் கூட்டிப்போங்கள். ‘ஆட்’ என்று சொல்லி நாக்கை மேலே அடைத்து நிறுத்தட்டும். பிறகு அடைப்பை லேசாகத் தளர்த்தி, குரலோடு நீட்டட்டும். டகரத்தை நீட்ட முடியாது, ழகரத்தை மூச்சு உள்ளவரை நீட்டலாம். நீண்டு வந்தால் ழ வந்துவிட்டது. ல சொல்லும் குழந்தையை நேரே ழகரத்துக்கு இழுக்காமல் ள வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணாடி உதவுமா என்று கேட்கிறார்கள். ப, த, ல போன்றவற்றுக்கு நன்றாக உதவும். ழகரத்தில் நுனி உள்ளே ஒளிந்திருக்கும், ஆனால் வாயை அகலத் திறந்து ‘ஆழ்’ என்றால் டார்ச் வெளிச்சத்தில் நாக்கின் அடிப்புறமும் அங்கே ஓடும் நீலநரம்புகளும் தெரியும். முதலில் உங்கள் வாயைக் காட்டுங்கள், பிறகு அதன் வாயை அதுவே பார்த்துக்கொள்ளட்டும். நாக்கு எந்த இடம் போக வேண்டும் என்று தெரியாத குழந்தைக்கு, கழுவிய விரலில் துளி வெல்லப்பாகு தொட்டு மேலண்ணத்தில் வைத்து நுனிநாக்கால் தேடச் சொல்லலாம். இடம் தெரிந்த பிறகு அதை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: எல்லார் நாக்கும் ஒரே வடிவில் வளைவதில்லை. அமெரிக்க ஆங்கில ரகரத்தைச் சிலர் நுனியை வளைத்தும், சிலர் நாக்கைப் பின்னால் திரட்டியும் சொல்கிறார்கள், கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று 1968-இலேயே டெலாட்ரும் ஃப்ரீமனும் எக்ஸ்ரே படங்கள் கொண்டு காட்டினார்கள். குழந்தையின் ழ உங்கள் காதுக்குச் சரியாக இருந்தால், நாக்கு எப்படி இருக்கிறது என்று வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

தனி ஒலி வந்த பிறகு சொல்லுக்குப் போவோம். தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்குவதில்லை. ஆகையால் எப்போதும் ஓர் உயிரொலியின் முதுகில் ஏறித்தான் அது வருகிறது. எந்த உயிர் என்பது முக்கியம். ஆ, உ, ஓ போன்றவற்றில் நாக்கு பின்னால் இருக்கும், அங்கிருந்து நுனியை வளைப்பது எளிது. இகரத்தில் நாக்கு முன்னால் நிற்கும், அங்கிருந்து பின்னே இழுத்து வளைப்பது கடினம். பெரியவர்களே இதைத் தவிர்க்கத்தான் பேச்சில் பிடி என்பதைப் ‘புடி’ என்கிறோம், பெட்டியைப் ‘பொட்டி’ என்கிறோம், வீட்டை ‘வூடு’ என்கிறோம். உதட்டில் பிறக்கும் ஒலிக்கும் நாக்கு வளையும் ஒலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இ, எ இரண்டும் நம் வாயில் உ, ஒ ஆகிவிடுகின்றன. நமக்கே இப்படி என்றால் குழந்தைக்கு விழி, கிழங்கு, எழுது முதல் நாளே எப்படி வரும்? புழு, குழல், வாழை, கழுதை, முழம் என்று தொடங்குங்கள். பிறகு ஏழு, கோழி. அதன் பிறகு நிழல், கிழங்கு, விழு. வாழ்த்து, தாழ்ப்பாள், மகிழ்ச்சி போல மெய்யோடு மெய் மோதும் சொற்கள் கடைசியில் வரட்டும்.

நா பிறழ் வாக்கியங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத் தோலில் கிழவன் வழுக்கி விழும் வாக்கியத்தை எல்லாப் பள்ளிகளிலும் சொல்லவைக்கிறார்கள். ழ கைவந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். ழ வராத ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஒரே மூச்சில் பலமுறை தவறு செய்யப் பழக்குகிறோம். பயிற்சியில் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதுதான் படியும், தவறும் அப்படியே படியும்.

எவ்வளவு நேரம்? ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு மேல். பத்து முறை சொன்னால் எட்டு முறை சரியாக வருகிற படியில் நில்லுங்கள். தொடர்ந்து தவறினால் முந்தைய படிக்கு இறங்கிவிடுங்கள், அதற்காக முகம் சுளிக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் “வந்துச்சு”, “இன்னும் தொடுது” என்று சொல்லுங்கள். போகப் போக நீங்கள் சொல்வதைக் குறைத்து, “இப்ப எப்படி இருந்துச்சு? நீயே சொல்லு” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வர ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பல ஒலிகள் ஒரே நேரத்தில் வராத குழந்தையிடம் ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். பார்பரா ஹாட்சனும் இலைன் பேடனும் 1983-இல் வெளியிட்ட நூலில் சுழற்சி முறை ஒன்றைச் சொன்னார்கள். ஒரு வகை ஒலியைச் சிறிது காலம் பார்த்துவிட்டு, கைவராவிட்டாலும் அடுத்ததற்குப் போய், பிறகு சுற்றி வருவது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்த ஒலி உள்ள சொற்களைக் குழந்தை சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். இங்கேயும் காதுதான் முன்னால் போகிறது.

பாட்டிமார் இங்கேதான் வேண்டும். கேட்கக் கொடுப்பதற்கு அடுப்படியைவிட நல்ல இடம் கிடையாது. குழம்பு, கிழங்கு, பழம், வாழைப்பூ, வாழை இலை, புழுங்கல் அரிசி என்று எங்கே திரும்பினாலும் ழ. பேச்சு இப்படிப் போகலாம்.

“பாட்டி, மய வருது!”

“ஆமாண்டா கண்ணு, மழை வருது. பெரிய மழை! மழை விட்டதும் வெளிய போவமா? இப்ப குழம்பு ஊத்தட்டுமா?”

இதில் திருத்தம் எதுவும் இல்லை, ‘இப்படிச் சொல்லு’ என்பதும் இல்லை. குழந்தை சொன்ன சேதிக்குத்தான் பதில். ஆனால் அந்தப் பதிலில் மழை மூன்று முறை சரியாக வந்துவிட்டது. பயிற்சி நேரமான ஐந்து நிமிடத்தில் மட்டும் திருத்துங்கள், மற்ற நேரம் முழுக்க இப்படிப் பேசுங்கள். மழை வருகிறது என்று ஓடிவந்து சொல்கிற குழந்தையை நிறுத்தி, “மய இல்ல, மழை. எங்க, சொல்லு” என்றால் அடுத்த முறை மழை வரும்போது அது ஓடி வராது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்ட குழந்தைகள் என் பயிற்சி அறைக்கு நிறைய வருகிறார்கள். ழ வராததைச் சரிசெய்ய முடிகிறது. பேசப் பயந்துபோன குழந்தையை மறுபடி பேசவைப்பதற்கு எங்களுக்கு அதைவிட வெகுகாலம் ஆகிறது.

வெளிநாட்டில் பேரக்குழந்தைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் ‘இசட் எச்’ போட்டு ழ எழுதுகிறோம். அதைப் பார்த்துப் படிக்கும் குழந்தை வேறேதோ ஒலியைச் சொல்லும், அதன்மேல் குற்றமில்லை. அமெரிக்காவில் வளரும் குழந்தைக்கு அந்த ஊர் ரகரம் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. ‘கார்’ என்று அந்த ஊர்க்காரர் மாதிரி சொல்லச் சொல்லி, அதன் கடைசி ஒலியை நீட்டவைத்தால் ழகரத்தின் வாசலுக்கு வந்துவிடலாம். நம் ஊர்க் குழந்தைக்கு இல்லாத வசதி அது.

செய்யக் கூடாதவை சில. நாக்கு புரள வேண்டும் என்று வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுகிற வழக்கம் இருக்கிறது. வசம்பில் பீட்டா-அசரோன் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் உண்டு. அமெரிக்காவில் 1968-இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதும் ஆபத்து, பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். அன்பினால் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஊதல் ஊதுவது, பலூன் ஊதுவது, நாக்கை வெளியே நீட்டி ஆட்டுவது போன்ற வெறும் வாய்ப்பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்துகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. பேச்சு ஒலி பேச்சில்தான் பழகும். நாக்குக்கட்டை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அவசரப்படவும் வேண்டாம். ட, ல, ள மூன்றும் தெளிவாகச் சொல்லும் குழந்தையின் நாக்கு அண்ணத்தை நன்றாக எட்டுகிறது, ழ வராததற்குக் கட்டு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எப்போது தாமதிக்காமல் வர வேண்டும்? ழ மட்டும் வராததற்கு ஓடி வர வேண்டாம், ஆறு, ஏழு வயது தாண்டியும் வராமல் குழந்தையே அதற்காக வருந்தினால் வாருங்கள். மூன்று வயதில் வீட்டாருக்கே பேச்சு பாதி புரியவில்லை, நான்கு வயதில் வெளியாருக்குப் பெரும்பகுதி புரியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைக்கிறது, மூக்கால் பேசுகிறது என்றால் முதலில் காதுப் பரிசோதனை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேள்வி மங்கும். சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது. அதனால்தான் வீட்டில், “எல்லாம் கேக்குது, வேணும்னே திரும்ப மாட்டேங்குறான்” என்பார்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இலவசம். அதற்கென மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் (டி.இ.ஐ.சி.) உண்டு. அரசுத் தலைமை மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனமும் இருக்கின்றன. தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ழ வராத பிள்ளையைத் தனியே எழுப்பி வாசிக்கவைக்காதீர்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும்போது அவன் குரலும் அதில் கலக்கட்டும். கூட்டத்தோடு சொல்லும் நேரம் அவனுக்குக் கேட்கவும் கிடைக்கிறது, பயமில்லாமல் சொல்லிப் பார்க்கவும் கிடைக்கிறது. கிளி, கிழி விளையாட்டை மொத்த வகுப்புக்கும் நடத்துங்கள். யாருக்கு வரவில்லை என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். வேறு பிள்ளை சிரித்தால் அந்தச் சிரிப்பை அங்கேயே நிறுத்துங்கள், நீங்கள் நிறுத்தினால்தான் நிற்கும்.

கேள்வி நேரத்துக்கு வருவோம். பொதுவான கேள்விகளை இங்கேயே கேளுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியவர்கள் கூட்டம் கலைந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள். வரும்போது பிள்ளையைத் தாத்தாவோடு வெளியே விளையாட விட்டுவிட்டு வாருங்கள். அதன் பேச்சைப் பற்றி நாம் பேசுவது அதன் காதில் விழ வேண்டாம்.